ஆண்டும் ஆண்டையும்: இத்தாலியச் சிவப்பு ஒயினும் தென்னாற்காட்டுச் சாவுகளும்

1

சென்னையில் இருக்கும் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சமீபத்தில் போயிருந்தேன். எங்களோடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். சிதம்பரம் கீழவீதி டீக்கடையில் விடிய விடிய நிலப் பிரச்சினை பேசியவர். பிறகு வேலை கிடைத்து மிலான் நகரத்தில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் அடைத்த அறை. குளிர்பெட்டிக்குள் நூறு புட்டிகளுக்கு மேல் படுக்க வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் இத்தாலியச் சிவப்பு ஒயின். பீட்மாண்ட் பகுதியின் பரோலோ, டஸ்கனி மலைச்சரிவில் விளையும் புருனெல்லோ.

"பேரப் பாக்காதீங்க தோழர், வருஷத்தப் பாருங்க" என்றார். "தொண்ணூத்தி ஏழு, ரெண்டாயிரத்தி ஒண்ணு, நாலு, பத்து. இதெல்லாம் நல்ல வருஷம். ரெண்டாயிரத்தி ரெண்டு மட்டும் வேணாம். ஒரே மழை, பழமெல்லாம் தண்ணி."

2001 என்று எழுதிய புட்டி ஒன்றை என் கையில் கொடுத்தார். நல்ல கனம். எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. 2001 கடைசியில் பண்ருட்டிப் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 50 பேருக்கும் மேல் செத்துப்போனார்கள். உண்மை அறியும் குழு ஒன்றோடு ஊர் ஊராக நடந்த நாட்கள் அவை. நோட்டுப் புத்தகத்தில் பெயர், வயது, பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டே போனோம். என் வரையில் 2001 என்றால் அந்த நோட்டுப் புத்தகம்தான்.

நண்பரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. எனக்குள் நின்றுபோன கேள்வி வேறு. ஒரு வருஷத்தை 'நல்ல வருஷம்' என்று சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? யார் ஆண்டுகளைச் சேகரிக்கிறார்கள், யாருடைய ஆண்டுகள் சேகரிக்கப்படாமல் மக்கிப்போகின்றன?

2

தமிழில் 'ஆண்டு' என்ற சொல் வருஷத்தையும் குறிக்கிறது, ஆளுகை செய்வதையும் குறிக்கிறது. இரண்டும் ஒரே வேரா என்பதை மொழியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நடைமுறையில் இரண்டும் சேர்ந்தேதான் கிடந்திருக்கின்றன. சிதம்பரம் கோயில் சுவர்களில் உள்ள சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். இன்ன அரசனுக்கு 'யாண்டு' இத்தனையாவது என்றுதான் காலம் சொல்லப்படுகிறது. நிலத்தைக் கொடுத்த நாள், விளக்கு வைத்த நாள் எல்லாமே அரசனின் வருஷம். ஆண்டையின் கணக்கில்தான் அடிமைக்கும் வயது ஏறியது.

ரோமிலும் இதே கதைதான். அங்கே அந்தந்த வருஷம் பதவியில் இருந்த கன்சல்களின் பெயரே வருஷத்தின் பெயர். மதுச்சாடிகளிலும் அந்தப் பெயரை எழுதி வைத்தார்கள். ஒயின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற பழைய ஆண்டு கி.மு. 121. அந்த வருஷக் கன்சல் லூசியஸ் ஒபிமியஸ். அதனால் அதற்கு 'ஒபிமிய ஒயின்' என்று பெயர். வெயில் அற்புதமாகக் காய்ந்த வருஷம் என்று பிளினி எழுதுகிறார்.

அதே கி.மு. 121இல்தான் கையஸ் கிராக்கஸ் கொல்லப்பட்டார். ஏழைகளுக்கு நிலம், மலிவு விலையில் தானியம் என்று சட்டம் கொண்டுவந்தவர். அவரையும் அவர் ஆட்களையும் ஆயுதம் ஏந்தி ஒழித்தது இதே ஒபிமியஸ்தான். செத்தவர்கள் 3,000 பேர் என்கிறார் புளூட்டார்க். தலைக்கு எடைக்கு எடை தங்கம் என்று அறிவித்திருந்ததால், தலையைக் கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினான் என்றும் அவர் எழுதுகிறார். இந்தக் கொலைகளுக்குப் பிறகு ஒபிமியஸ் ரோமில் ஒரு கோயில் கட்டினான். இணக்க தேவதைக்கு!

ஆக, நிலம் கேட்டவர்களைக் கொன்ற வருஷம் சேகரிப்பாளர்களின் நாக்கில் 'நல்ல வருஷம்' ஆகிவிடுகிறது. பொய் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெயில் நன்றாகத்தான் காய்ந்திருக்கும். ஆனால் வெயிலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ரத்தத்தைக் கழித்துவிடும் ஒரு சொல்லாடல் அங்கே உருவாகிவிட்டது. லேபிள் என்பது ஞாபகப்படுத்தும் கருவி மட்டுமல்ல. எதை மறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவியும் அதுதான்.

பிளினி இன்னொரு காரியமும் செய்கிறார். அவர் காலத்தில், ஏறக்குறைய 200 வருஷம் கழித்தும், அந்த ஒயின் இருந்தது. இருந்தது என்றால், சுண்டிப்போய்க் கசப்புத் தேன் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அப்படியே குடிக்க முடியாது. வேறு ஒயினில் துளி சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதற்கு அவர் விலை போடும் விதம்தான் முக்கியம். ஆரம்பத்தில் ஒரு சாடி 100 செஸ்டர்ஸ் என்று வைத்து, வருஷத்துக்கு 6 சதம் வட்டி சேர்த்துக்கொண்டே போய், 160 வருஷத்துக்குப் பிறகு ஒரு அவுன்ஸ் என்ன விலை என்று கணக்குப் பார்க்கிறார். குடிக்க லாயக்கில்லாத ஒன்று வட்டியாக வாழ்கிறது. மூலதனம் குட்டி போடும் ரகசியத்தை மார்க்ஸ் எழுதுவதற்கு 1,800 வருஷம் முன்னால் ஒரு ரோமன் நிலவறை செய்து காட்டிவிட்டது.

சேகரிப்பவன் பொருளைப் பயன்பாடு என்கிற கூலி வேலையிலிருந்து விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின் கருதினார். புத்தகத்துக்கு அது சரி. படித்தாலும் புத்தகம் மிச்சமிருக்கும். ஒயினைத் திறந்தால் சேகரிப்பு செத்தது, திறக்காவிட்டால் ஒயின் செத்தது. இந்த இழுபறிக்கு நடுவே பெருகுவது சந்தை விலை மட்டும்தான்.

இதைக் கிண்டல் செய்தவரும் ரோமில் இருந்தார். பெட்ரோனியஸின் 'சட்டிரிகான்' நாவலில், அடிமையாக இருந்து விடுதலை பெற்றுப் பணக்காரனான டிரிமால்கியோ விருந்து வைக்கிறான். புட்டியின் கழுத்தில் ஒபிமிய ஒயின், நூறு வயது என்று லேபிள். கதை நடக்கும் காலத்துக்கு அதன் வயது ஏறத்தாழ 180 இருக்க வேண்டும். லேபிளே உளறுகிறது. வாசகர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? பரம்பரைப் பணக்காரன் செய்தால் ரசனை, நேற்றைய அடிமை செய்தால் கேலிக்கூத்து. ரசனை என்பது வர்க்கங்களைப் பிரிக்கும் வேலி என்று பூர்தியூ 1979இல் நிறுவியது இந்த விருந்துக்கும் பொருந்தும். என் நண்பரைப் பார்த்து நான் உள்ளூரச் சிரித்ததிலும் அந்த வேலியின் நிழல் இருந்தது. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

3

இந்த இத்தாலிய ஒயின் நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' மேற்குக் கரையின் பரிகாசாவில் இறக்குமதியாகும் சரக்குகளைச் சொல்லும்போது, ஒயினில் இத்தாலியதற்கே முதலிடம் என்கிறது. நம் பக்கத்துத் துறைமுகங்களாக அது சொல்லும் பொதுகே, சோபட்மா இரண்டில் பொதுகே அரிக்கமேடு என்பது பலரும் ஏற்பது. சோபட்மாவை எயிற்பட்டினம், அதாவது இன்றைய மரக்காணம் என்பவர்கள் உண்டு.

சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூர் தாண்டி அரியாங்குப்பத்தில் இறங்கினால் அரிக்கமேட்டுக்கு நடந்தே போய்விடலாம். மாந்தோப்பு, ஆறு, இடிந்த பழைய சுவர். 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ஆம்போரா சாடியின் உடைந்த கழுத்தைப் பார்த்ததிலிருந்துதான் மார்ட்டிமர் வீலரின் தேடல் தொடங்கியது. 1945இல் இங்கே தோண்டினார். சாடி ஓடுகளில் பெரும்பகுதி கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையும் அதைப் பார்த்துச் செய்த போலிகளும் என்று பிற்பாடு ஆய்ந்தார்கள். இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தவையும் இருந்தன. கடல்நீர் கலந்து கோஸ் ஒயினைப் போலி செய்ய இத்தாலிக்காரர் கேட்டோவே பக்குவம் எழுதி வைத்திருக்கிறார். போலிச் சரக்கும் அன்றைக்கே உண்டு.

வீலருக்கு முக்கியமாகப் பட்டது சாடிகளைவிடச் சிவப்பு வழவழப்புத் தட்டுகள். டஸ்கனியின் அரெஸ்ஸோ நகரத்தில் செய்யப்பட்ட அரிட்டைன் மட்கலங்கள். நண்பரின் புருனெல்லோ விளைவதும் அதே டஸ்கனியில்தான். அந்தத் தட்டுகளின் காலம் இத்தாலியில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொன்னார். அதை வைத்துத் தென்னிந்தியாவின் மற்ற இடங்களுக்கும் காலம் நிர்ணயிக்கப்பட்டது. பானை நம்முடையது, பானையின் வயது இத்தாலியத் தட்டினுடையது! இந்த ஊரை 'இந்திய ரோமானிய வணிக நிலையம்' என்று 1946இல் பெயரிட்டதும் அவர்தான். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மறுபடியும் தோண்டிய பிறகே, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, பின்னாலும் இருந்தது என்பது அழுத்தம் பெற்றது.

அந்தத் தட்டுகளின் அடியில் முத்திரைகள் உண்டு. 'கமுரி', 'இத்தா' என்றெல்லாம் படித்திருக்கிறார்கள். அரெஸ்ஸோ பட்டறைகளின் முத்திரைகளில் அடிமைக் குயவர்களின் பெயர்கள் நிறைய வரும். வீலருக்கு அவை காலம் காட்டும் கடிகாரம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கை இருந்தது என்பது கடிகாரத்துக்குத் தேவைப்படவில்லை.

வீலரைத் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறனை நக்கீரர் நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்துவிட்டு, யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் நாள்தோறும் ஊற்றித்தர மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். மேடைகளில் இதை எப்படிச் சொல்கிறோம்? "பாத்தீங்களா, ரோமாபுரி ஒயினையே குடிச்சவன் தமிழன்." எந்தத் தமிழன்? அரசன் குடித்தான். பெண்கள் ஊற்றினார்கள். துறைமுகத்தில் சாடியைச் சுமந்தவர்கள் பாட்டுக்குள் வரவே இல்லை. பாட்டில் வரும் 'கலம்' குப்பியா மரக்கலமா என்று உரைகாரர்கள் வாதம் செய்திருக்கிறார்கள். சுமந்த தோள் யாருடையது என்று ஒரு உரையும் கேட்டதாக நான் படிக்கவில்லை.

தொன்மைப் பெருமிதமும் ஒருவகை ஒயின் சேகரிப்புதான். இரண்டாயிரம் வருஷம், மூவாயிரம் வருஷம் என்று புட்டியின் வயதைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பிளினி மாதிரி வட்டியும் போடுகிறோம். உள்ளே இருப்பது குடிக்கிற பதத்தில் இருக்கிறதா, அதை யார் பிழிந்தார்கள் என்பது பேச்சிலேயே இல்லை. கடலூருக்குத் தெற்கே காரைக்காட்டிலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. அந்தப் பக்கம் இன்று சிப்காட் ரசாயன ஆலைகள் நிற்கின்றன. ஓட்டுக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதிகூட ஆலைக் காற்றைச் சுவாசிக்கிறவர்களுக்குக் கிடைக்கவில்லை.

4

பிழிந்தவர்களிடம் வருவோம். திராட்சைத் தோட்ட வேலைக்குச் சுறுசுறுப்பான மூளை தேவை, அதனாலேயே சங்கிலியில் கட்டிய அடிமைகளை அதில் அதிகம் இறக்குகிறார்கள் என்று கொலுமெல்லா எழுதுகிறார். கேட்டோ இன்னும் கறார். அறுவடை முடிந்த பின் மூன்று மாதம் அடிமைகளுக்கு 'லோரா' கொடு என்கிறார். லோரா என்றால் பிழிந்து போட்ட சக்கையில் தண்ணீர் ஊற்றி எடுப்பது. கிழட்டு மாடு, நோயாளி அடிமை எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னதும் அவர்தான். ஒயினுக்கு வயதானால் விலை ஏறும். பிழிந்தவனுக்கு வயதானால் விலை இறங்கும்.

"அதெல்லாம் பழங்கதை தோழர்" என்றார் நண்பர். சரி, இன்றைய கதை. 1986இல் இத்தாலியில் மலிவு ஒயினுக்குப் போதை ஏற்ற மெத்தனால் கலந்தார்கள். 23 பேர் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. அதற்குப் பிறகுதான் இத்தாலிய ஒயின் உலகம் அளவைக் குறைத்துத் தரத்துக்குத் தாவியது. இன்று சேகரிப்பாளர்கள் தேடும் விலையுயர்ந்த புட்டிகளின் எழுச்சிக்கு அடியில் மலிவு ஒயின் குடித்துச் செத்தவர்கள் கிடக்கிறார்கள். 1986 என்ற லேபிளில் அது எழுதப்பட்டிருக்காது. 2024 ஜூலையில் வெரோனா மாகாணத்துப் பண்ணைகளில் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த 33 இந்தியத் தொழிலாளர்களை இத்தாலியப் போலீஸ் மீட்டது. அமரோனே என்ற விலையுயர்ந்த சிவப்பு ஒயினுக்குப் பேர்போன மாகாணம் அது. ஒயின் அங்கிருந்து இங்கே வந்த காலம் போய், இங்கிருந்து உடல்கள் அங்கே போகின்றன.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2012 டிசம்பரில் மொந்தால்சினோவில், சோல்தெரா என்ற புகழ்பெற்ற தயாரிப்பாளரின் நிலவறைக்குள் முன்னாள் ஊழியர் ஒருவர் இரவில் புகுந்து பீப்பாய்களின் குழாய்களைத் திறந்துவிட்டார். 2007 முதல் 2012 வரை ஆறு வருஷத்துப் புருனெல்லோ, 60,000 லிட்டருக்கும் மேல், சாக்கடையில் போனது. இதை வர்க்கப் போராட்டம் என்று கொண்டாட நான் தயாரில்லை. சொந்த வன்மம் அது, அவருக்குச் சிறையும் கிடைத்தது. ஆனால் ஆறு ஆண்டுகளை ஒரே இரவில் அழிக்க முடிகிறது என்பதைப் பார்த்து உலகமே பதறியதே, அந்தப் பதற்றத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே ஆண்டுகள் அழியும்போது அது கேட்பதில்லை.

5

நம் ஆண்டுகள் என்ன? 2001 பண்ருட்டி. 2023 மே, மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பமும் செங்கல்பட்டுப் பக்கமும் சேர்ந்து 22 பேர். பெரிப்ளூஸின் சோபட்மா மரக்காணம்தான் என்றால், யவன மது இறங்கிய அதே கரையில் மெத்தனால் இறங்கியிருக்கிறது. 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கும் மேல். மீனவர்கள், கூலிகள், மூட்டை தூக்குகிறவர்கள். செங்கல்பட்டுச் சாவுகளைத் தவிர மற்றதெல்லாம் ஒரு காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட ஒரே தென்னாற்காடு மாவட்டம். மாவட்டத்தைப் பிரித்தார்கள், சாவு பிரியவில்லை. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகிக் கண் நரம்பைத் தின்கிறது. அதற்கான மருந்துகளில் ஒன்று எத்தனால், அதாவது நல்ல சாராயம்தான். உயிர்காக்கும் குடிக்கும் உயிரெடுக்கும் குடிக்கும் இடையே இருப்பது காசு.

பனங்கள்ளை இங்கே 1987 முதல் தடை செய்து வைத்திருக்கிறார்கள். கள்ளைச் சேமிக்க முடியாது. காலையில் இறக்கியது மறுநாள் புளித்துக் காடி. நாள்பட வைத்த தேறல் சங்கப் பாட்டுகளில் வருகிறது, ஆனால் அங்கேயும் கணக்கு நாளில்தான். எந்தக் கள்ளுப் பானையிலும் வருஷம் எழுதியதில்லை. ஆண்டு போட முடியாத குடியில் வட்டி பிறக்காது.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது, பெண்கள் அமைப்பிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் எழுந்தார். "கள்ளப் பத்திக் கவித மாதிரி பேசுறீங்க தம்பி. கள்ளோ பிராந்தியோ, குடிச்சிட்டு வந்தா அடி வாங்குறது யாரு? செத்தாலும் கணக்கு எழுதுறது எங்க தலையிலதான். அவன் செத்த வருஷத்துலேருந்துதான் எங்க வூட்டுல எல்லாக் கணக்கும்." நான் பதில் சொல்லவில்லை. கள்ளைப் புனிதப்படுத்துவது ஆண்களுடைய இன்னொரு சேகரிப்பு என்று அன்று பட்டது. பொற்கிண்ணத்தில் ஊற்றிய பெண்களைப் பாட்டு கேட்காததுபோல நானும் கேட்கத் தவறியிருந்தேன்.

அந்த அக்கா சொன்னதில்தான் வேலை இருக்கிறது. "அவரு செத்த வருஷம்", "புயலு வந்த வருஷம்", "சேரி எரிஞ்ச வருஷம்" என்று ஆண்டுக்குப் பெயர் வைக்கிற ஒரு மரபு நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறது. அதில் அரசன் இல்லை, கன்சல் இல்லை. அது எந்த நிலவறையிலும் சேமிக்கப்படவில்லை. சொன்னவர்கள் செத்தால் ஆண்டும் செத்துப்போகிறது. விசாரணை அறிக்கைகளில் எண்ணிக்கை இருக்கும், நிவாரணத் தொகை இருக்கும். ஆளுக்கு முன்னும் பின்னும் இருந்த வருஷங்கள் இருக்காது.

2001இல் நான் எழுதிய நோட்டுப் புத்தகத்தை வீட்டில் தேடினேன். கரையான் அரித்திருக்கிறது. பாதிப் பெயர்களைப் படிக்க முடியவில்லை. அதே வருஷத்துப் புட்டி சென்னையில் சரியான குளிரில், கீறல் விழாமல் படுத்திருக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு நண்பர் பொறுப்பில்லை. நான் பொறுப்பு. எழுதுகிறவர்கள், இயக்கக்காரர்கள், நாமெல்லாம்தான் பொறுப்பு.

பண்ருட்டி, எக்கியார்குப்பம், கருணாபுரம் ஆகிய ஊர்களில் செத்தவர்களின் வீடுகளுக்கு மறுபடியும் போகலாம் என்றிருக்கிறேன். இந்த முறை எண்ணிக்கைக்காக அல்ல. அந்த வருஷத்தை அவர்கள் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள. கூட வரச் சம்மதமுள்ள தோழர்கள், குறிப்பாகப் பெண்கள், எழுதுங்கள். நண்பருக்கும் எழுதியிருக்கிறேன். அன்று எங்களோடு அந்த ஊர்களில் நடக்க வேண்டியவர் அவர். வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.